"குறிப்பிடத்தக்க வாழிடம் எதுவும் இல்லை"ன்னு எழுதின ஆள் நான்தான்

கொழும்பு வெள்ளவத்தையில நான் அனெக்ஸ்ல வாடகைக்கு இருக்குற வீட்டுக்கார அன்ரி ஒரு நாள் கேட்டாங்க, "பிள்ளை, உதென்ன வேலை, பூச்சி எண்ணவே உனக்குச் சம்பளம் தாறாங்கள்?" ன்னு. நக்கல் ஒன்னும் இல்ல, உண்மையாவே விளங்காமத்தான் கேட்டாங்க. விடிய 4 மணிக்கு பூட்ஸைப் போட்டுக்கிட்டு டோர்ச்சோட வெளிக்கிட்டுப் போற பிள்ளை மூனு நாள் கழிச்சு சேறும் அட்டைக்கடியுமா கேட்ல வந்து நின்னா யாருக்குத்தான் அந்தச் சந்தேகம் வராது.

"ஓம் அன்ரி, எண்ணத்தான் சம்பளம், ஆனா எண்ணி முடிச்சு கடைசியில ஒரு வரி எழுதணும், அந்த வரிக்குத்தான் காசு"ன்னு சொன்னேன். அவங்க சிரிச்சிட்டு தேத்தண்ணி போடப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் அந்தப் பதில் தொண்டையிலயே நின்னுச்சு, ஏன்னா அந்த ஒரு வரியை நான் ஒருக்கா பிழையா எழுதியிருக்கேன்.

என்ட வேலை என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். இலங்கையில ஒரு பெரிய திட்டம் வருதுன்னா, ரோடு, அணை, ஹோட்டல், சோலார், எதுவா இருந்தாலும், அதால சுற்றாடலுக்கு என்ன ஆகும்னு முன்கூட்டியே ஆய்வு செய்யணும். 1980ம் ஆண்டு 47ம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம், அதுக்கு 1988ல வந்த திருத்தம், இதுல இருந்து வர்ற கடமை அது. எந்தெந்த திட்டத்துக்கு எவ்வளவு அளவுக்கு மேல போனா ஆய்வு கட்டாயம்ங்கிறது 1993 கெசட்ல இருக்கு. ஈ.ஐ.ஏ.ன்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். அந்த ரிப்போர்ட்ல மண்ணுக்கு ஒரு ஆள், தண்ணிக்கு ஒரு ஆள், ஊர்ச்சனத்துக்கு ஒரு ஆள், மரம் மட்டை மிருகத்துக்கு ஒரு ஆள்னு எழுதுவோம். கடைசி ஆள் நான்.

பல வருஷத்துக்கு முன்ன வடமேல் மாகாணத்துல ஒரு இடம். நாப்பது ஏக்கர் இருக்கும், முழுக்க பத்தைக்காடு, நடுவுல தாழ்வான ஒரு வெட்டை. நாங்க போனது ஆகஸ்ட் மாசம், வெயில்னா அப்படி ஒரு வெயில், அந்த வெட்டை பூரா நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. மூனு நாள் நடந்தோம். மயில், முயல், ஓணான், ஒரு உடும்பு, கறையான் அரிச்சுப் பொடியா உதிர்ற பழைய யானை லத்தி ரெண்டு இடத்துல, அவ்வளவுதான். திட்டத்துக்காரர் தொப்பியைப் போட்டுக்கிட்டு ஜீப்புக்குப் பக்கத்துலயே நின்னு, "மிஸ், பெரிசா ஒன்னும் இல்லதானே, சும்மா கிடக்குற காணிதானே"ன்னு மூனு நாளும் மூனு தரம் கேட்டாரு. நான் புதுசு, பயம் வேற, எங்க சீனியருக்கு அடுத்த வேலை காத்துக்கிட்டு இருந்துச்சு. பார்த்ததைத்தானே எழுதுறோம்னு மனசைத் தேத்திக்கிட்டு ரிப்போர்ட்ல "குறிப்பிடத்தக்க வாழிடம் எதுவும் இல்லை"ன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

அதே வருஷம் டிசம்பர்ல வேற ஒரு வேலைக்கு அந்த வழியால போக வேண்டி வந்துச்சு. மழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச பின்னேரம். சும்மா ஒருக்கா பார்த்துட்டுப் போவோம்னு இறங்கினேன். ஆகஸ்ட்ல வெடிச்சுக் கிடந்த வெட்டை முழங்கால் தண்ணி. சத்தம் காதை அடைக்குது, எத்தனை வகைத் தவளைன்னு பிரிச்சுக் கேக்கவே முடியல. தண்ணிக்கு மேல சாஞ்ச கிளையில எல்லாம் மரத்தவளை கட்டின நுரைக்கூடு, சவர்க்கார நுரையைக் கையால அள்ளி ஒட்டி வெச்ச மாதிரி தொங்குது. ஓரத்துல சேத்துல ஒரு வரிசையா பெரிய பெரிய வட்டக் குழி, யானை நடந்த தடம், புதுசு. ஒவ்வொரு குழியிலயும் மழைத்தண்ணி தேங்கி நிக்குது. குனிஞ்சு பார்த்தா அதுக்குள்ள கறுப்பா நெளியுது, ஸ்கூல் சயன்ஸ் புத்தகத்துல வாற்பேய்னு படிச்சோமே அதுதான், ஒரு கால்தடத்துக்குள்ள நூறுக்கு மேல இருக்கும். யானை நடந்துட்டுப் போன இடம் தவளைக்குத் தொட்டில். அதுக்கு ரெண்டு அடி தள்ளி வேலிக் கம்பத்துக்குக் குழி தோண்டி கொங்கிரீட் போட்டிருந்தாங்க.

நான் எண்ணினது சரி, எண்ணின மாசம் பிழை. காய்ஞ்ச காலத்துல மூனு நாள் பார்த்துட்டு ஒரு நிலத்துக்குத் தீர்ப்பு எழுதினது என்ட பிழை, இதுல வேற யாரையும் சாட்ட ஏலாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, நாட்டுல உயிர்ப்பல்வகைமை போறது பெரும்பாலும் இப்படித்தான். சிங்கராஜா மழைக்காட்டுல டோசர் இறக்கினா டிவியில காட்டுவாங்க, வில்பத்து தேசிய பார்க்ல மரம் வெட்டினா பேஸ்புக் கொதிக்கும், கொதிக்கத்தான் வேணும். ஆனா "சும்மா கிடக்குற காணி"ன்னு பேர் வெச்சு ஒரு பத்தைக்காடு, ஒரு சதுப்பு, ஒரு ஓடைக்கரைன்னு துண்டு துண்டா போறதுக்கு யாரும் கொதிக்கிறதில்ல. ஏன்னா அந்தத் துண்டுக்குப் பேரே இல்ல.

மிருகத்துக்கு நம்ம மேப் தெரியாது. யானையை எடுங்க. நாட்டு நிலத்துல கிட்டத்தட்ட 60 வீதத்துல யானை நடமாடுது, அப்படி நடமாடுற இடத்துல ஏறத்தாழ 70 வீதம் மனுஷரும் குடியிருக்குற இடம், 2021ல வெளிவந்த ஆய்வு அது. யானை பார்க்ல இருக்கு, நம்ம ஊர்ல இருக்கோம், அது "வெளிய வந்துட்டு"ன்னு நாம சொல்ற கதை முதல் வரியிலயே அடிபட்டுப் போகுது. அது வெளிய வரல, அது எப்பவும் இருந்த இடத்துலதான் நிக்குது.

யானை வேலி விஷயத்தைக் கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும், இல்லாட்டி கோவம் வரும். நம்ம நாட்டுல காட்டுக்கு ரெண்டு திணைக்களம். பார்க், சரணாலயம் எல்லாம் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு, மத்த காடு பெரும்பாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. பல இடத்துல மின்சார வேலியைப் போட்டது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற எல்லைக்கோட்டுல. அதாவது வேலிக்கு அந்தப் பக்கமும் காடு, இந்தப் பக்கமும் காடு, ரெண்டு பக்கமும் யானை, வயலும் ஊரும் எங்கயோ தள்ளி இருக்கு. வேலி யாரை யார்ட்ட இருந்து காப்பாத்துதுன்னு கேட்டா பதில் இல்ல, ஃபைலை ஃபைல்ட்ட இருந்து காப்பாத்துதுன்னுதான் சொல்லணும். இதுல பெரிய விசேஷம் என்னன்னா, இந்த ரெண்டு திணைக்களத்தோட தலைமைக் காரியாலயமும், ஈ.ஐ.ஏ.யைப் பார்க்குற மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், மூனுமே பத்தரமுல்லையிலதான் இருக்கு. ஒரு த்ரீவீல் பிடிச்சா மத்தியானத்துக்குள்ள மூனுக்கும் போய்ட்டு வந்துடலாம், நானே போயிருக்கேன்.

வேலியை ஊரைச் சுத்திப் போடணும், இல்லாட்டி விதைச்சுட்டு அறுவடை வரைக்கும் வயலைச் சுத்திப் போட்டுட்டுக் கழட்டி வெக்கணும், அதை ஊர்ச்சனமே பராமரிக்கணும், அறுவடை முடிஞ்சா தாளடியில யானை மேய்ஞ்சுட்டுப் போகட்டும்ங்கிறது கல்கமுவ மாதிரி இடங்கள்ல செஞ்சு பார்த்த முறை. யானை ஆய்வுல பல வருஷம் இருக்குற கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையில 2020ல தயாரிச்ச தேசிய செயற்திட்டத்துலயும் அடிப்படை இதுதான். இதை விட்டுட்டு யானையைப் பட்டாசு போட்டு விரட்டி பார்க்குக்குள்ள அடைச்சா என்ன நடக்கும்னு தெற்குல பார்த்தாச்சு, எலும்பு தெரிய மெலிஞ்சு உள்ளுக்கே செத்துச்சு. அடர்ந்த முத்தின காட்டுல யானைக்குத் தீனி கம்மி, காடு வெட்டிப் பயிர் செஞ்சுட்டு விட்ட சேனையில முளைக்கிற புல்லும் இளம் பத்தையும்தான் அதுக்குச் சாப்பாடு. பச்சையா உயரமா இருந்தா அது நல்ல காடுன்னு நினைக்கிறது நம்ம பழக்கம், யானைட்ட கேட்டா வேற சொல்லும்.

2023ல ஒரே வருஷத்துல 400க்கு மேல யானை செத்துச்சு, 150க்கு மேல மனுஷர் செத்தாங்க. ரெண்டு பக்கமும் ஏழைதான் சாகுறான், அதையும் சொல்லணும். 2025 பெப்ரவரி 20, மட்டக்களப்பு-கொழும்பு ட்ரெயின் ஒன்னு ஹபரணைக்குக் கிட்ட யானைக்கூட்டத்துல மோதி தடம்புரண்டுச்சு, ஆறு யானை செத்துப்போச்சு. அந்த ட்ரெயின்ல நம்மாளுங்க எத்தனை பேர் ராத்திரி பாதி நித்திரையில போய் வாறோம். அது யானை ரயில் பாதைக்கு வந்த கதையா, ரயில் பாதை யானைப் பாதையைக் குறுக்க வெட்டின கதையான்னு நீங்களே சொல்லுங்க. தண்ணிக்கும் தீனிக்கும் அது ராத்திரிதான் கடக்கும், மெயில் ட்ரெயினும் ராத்திரிதான் ஓடும். வேகத்தைக் குறைக்கிற இடம், குறைக்கிற நேரம், இதை ட்ரைவருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துற ஒழுங்கு, இதெல்லாம் ரொக்கட் சயன்ஸ் இல்ல.

இப்ப ஒரு சங்கடமான விஷயம். தமிழ்ல இதைப் பத்தி எழுதுறப்போ தொடாமப் போனா அது நேர்மை இல்ல.

வன்னிப்பக்கம் களவேலைக்குப் போனா "காடு காப்பாத்தணும்"னு வாயைத் திறந்ததும் முகம் மாறும். ஒரு ஐயா நேராவே கேட்டாரு, "பிள்ளை, உங்கட ஆக்கள் இன்னும் எவ்வளவு காணி பிடிக்கப் போறியள்?" அவருக்கு நான் திணைக்களத்து ஆள் இல்லன்னு விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போச்சு. அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. யுத்தத்துல இடம்பெயர்ந்து பதினஞ்சு இருபது வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா தோட்டத்துல பாலையும் வீரையும் வளர்ந்து நிக்குது, மேல இருந்து எடுத்த படத்துல அது காடு, அதுல ஒரு கோடு, அப்புறம் எல்லைக்கல். கிணத்துக்கட்டு அங்கதான் கிடக்கு, உள்ளுக்குப் போனா வழக்கு. இந்த மாதிரிக் கோடு போட்டுட்டு அந்த ஊரை காட்டுக்குக் காவல் இருன்னா யார் இருப்பா? நான் காட்டுக்குப் பக்கம் நிக்குறவள், இருந்தும் சொல்றேன், கிணத்துக்கட்டு இருக்குற இடத்துல எல்லைக்கல் போட்டது காட்டுக்குச் செய்ஞ்ச துரோகம்தான், ஏன்னா பக்கத்துல இருக்குற உண்மையான காடு வெட்டுப்படுறப்போ சாட்சி சொல்ல ஒரு ஆள் வர மாட்டான்.

மறுபக்கமும் இருக்கு. பார்க்கா, ஒதுக்கக் காடா எதுவுமா அறிவிக்காத அரச காடு நாட்டுல சிதறிக் கிடக்கு, லட்சக்கணக்கான ஹெக்டேயர். அதுல பெரும்பகுதியைத் தொடணும்னா வனத்திணைக்களத்தைக் கேக்கணும்னு 2001ல ஒரு சுற்றறிக்கை இருந்துச்சு, 5/2001ன்னு சொன்னா இந்தத் துறையில எல்லாருக்கும் தெரியும். 2020 நவம்பர்ல அதை ரத்து பண்ணி, தீர்மானிக்கிற அதிகாரத்தை மாவட்ட, பிரதேச செயலகத்துக்குக் குடுத்தாங்க. சேனை செய்யுற ஏழைக்கு நிலம்னுதான் காரணம் சொன்னாங்க. ஏழைக்கு ரெண்டு ஏக்கர் கிடைச்சிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். நான் களத்துல பார்த்த இடங்கள்ல டோசரோட வந்தவன் சேனைக்காரன் மாதிரி தெரியல, அவ்வளவுதான் சொல்லுவேன்.

எங்க பக்கக் கதைக்கு வாறேன். நான் பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல, லயத்துக்குப் பின்னால ஓடை, ஓடைக்கு ரெண்டு பக்கமும் ஒரு கீத்து காடு. தேயிலை வைக்க முடியாத சரிவுங்கிறதால விட்டு வெச்ச காடு. சிறுத்தை அதுக்குள்ளாலதான் போய் வரும், விடிய நாய் காணாமப் போனா "வந்துட்டுப் போயிருச்சு"ன்னு பெரியவங்க சாதாரணமாச் சொல்லுவாங்க. கொழும்புல ஆளுங்க சிறுத்தைன்னா யாலை சஃபாரி ஜீப்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, தேயிலைக்குள்ள கொழுந்து பறிக்கிற அக்காவுக்குப் பத்து யார் தள்ளிப் படுத்திருக்கும்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்னு சுருக்குல மாட்டினது ஞாபகம் இருக்கா? காட்டுப்பன்னிக்குப் போட்ட கம்பிச் சுருக்கு. மீட்டு சிகிச்சை குடுத்தும் சில நாள்ல செத்துப்போச்சு. சுருக்கு போட்டவனை மிருகம்னு திட்டி எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டாங்க. எங்கப்பாவும் ஒரு காலத்துல மரக்கறித் தோட்டத்துக்குச் சுருக்கு போட்டவர்தான், பைக் ப்ரேக் கேபிள்ல, ஒரு ராத்திரியில பன்னி முழு உருளைக்கிழங்குப் பாத்தியையும் உழுதுட்டுப் போயிரும், அது ஒரு மாசச் சம்பளத்துக்கு நிகர். நான் இந்த வேலைக்கு வந்தப்புறம் அவருக்கு விளங்கப்படுத்தினது ஒன்னுதான். சுருக்குக்குக் கண் இல்ல அப்பா, கழுத்துல விழுற பன்னிக்கும் இடுப்புல விழுற சிறுத்தைக்கும் அது வித்தியாசம் பார்க்காது, சிறுத்தை போச்சுன்னா பன்னியைத் தின்ன ஆளும் போச்சு. இப்ப தகரமும் காவலும்தான் வெச்சிருக்காரு. பன்னி இன்னமும் வருதுன்னு எனக்கு ஃபோன்ல ஏசுவாரு, அது வேற கதை.

ஈரவலயத்துல இந்தக் கீத்துக் காடுதான் உயிர். வரண்ட வலயத்து வில்பத்து 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல, சிங்கராஜா 1988ல உலக மரபுரிமையாப் பதிஞ்ச நேரம் 90 சதுர கிலோமீட்டர்கூட இல்ல. ஆனா உலகத்துல வேற எங்கயும் இல்லாத நம்ம இனங்கள்ல பெரும்பாலானது குந்தியிருக்குறது இந்த ஈரமான தென்மேற்கு மூலையிலயும் மலையிலயும்தான். தவளையை மட்டும் எடுத்தா 100 வகைக்கு மேல, பத்துல எட்டு ஒன்பது நமக்கு மட்டுமே சொந்தம். அழிஞ்சு போச்சுன்னு உலகம் பதிஞ்ச தவளை இனங்கள்லயும் பெரும்பங்கு நம்மடதுதான். ஒரு மலையில ஒரு ஓடையில மட்டும் இருக்குற இனத்துக்கு அந்த ஓடைதான் முழு நாடு. அதனால 2022ல மொன்ட்ரியல்ல உலக நாடுகள் சேர்ந்து 2030க்குள்ள நிலத்துலயும் கடல்லயும் 30 வீதம் பாதுகாக்கணும்னு ஒத்துக்கிட்டதைக் கேட்டு நான் பெரிசா துள்ளல. 30 வீதத்தை வரண்ட வலயத்துலயே ஈஸியா காட்டிறலாம், கணக்கு பாஸ், தவளை ஃபெயில்.

சரி, கொழும்புக்கு வருவோம், இதை வாசிக்கிற பாதிப் பேர் இங்கதானே இருக்கீங்க.

2018ல டுபாய்ல நடந்த, ஈரநிலத்துக்கான ராம்சார் மாநாட்டுல உலகத்துலயே முதன்முதலா ஈரநில நகரம்னு அங்கீகாரம் வாங்கின 18 நகரத்துல கொழும்பும் ஒன்னு. தலங்கமை, தியசரு, பெத்தகான, கொலன்னாவைச் சதுப்பு, இந்தப் பக்கம் பெல்லன்வில அத்திடிய. நீர்நாய் இருக்கு, முதலை இருக்கு, மீன்பிடிப் பூனை இருக்கு. மீன்பிடிப் பூனைக்குச் சிங்களத்துல ஹந்துன் திவியான்னு பேர், திவியான்னா சிறுத்தை, அதனாலயே வருஷத்துக்கு ரெண்டு தரம் "ஊருக்குள்ள புலி"ன்னு வட்ஸ்அப்ல ஓடும். பாவம், அது வீட்டுப் பூனை மாதிரி ரெண்டு மடங்கு, வாய்க்கால் ஓரமா மீன் பிடிச்சுத் தின்னுட்டுப் போற ஆள்.

அத்திடியவுல நான் ஒரு கமராவை மரத்துல கட்டி வெச்சிருந்தேன். 372 ஹெக்டேயர் சரணாலயம், 1990ல அறிவிச்சது, ஆனா சரணாலயம்னா அதுக்குள்ள தனியார் காணியும் இருக்கலாம், சட்டம் அப்படித்தான். ஒரு நாள் விடிய பெட்டரி மாத்தப் போனா கமராவுக்கு முன்னால இருந்த நாணல் பத்தையைக் காணோம். ராத்திரி டிப்பர் வந்து கிரவல் கொட்டியிருக்கு. சிவப்பு மண் ஈரமா, புதுசா, இன்னும் டயர் தடம் காயல. அதுக்கு மேல ஒரு வரிசை சின்னக் கால்தடம், ஒவ்வொன்னும் என்ட உள்ளங்கைக்குள்ள அடங்கும், முன்னால நகம் லேசா குத்தின அடையாளம், ஏன்னா மீன்பிடிப் பூனைக்கு நகம் முழுசா உள்ளுக்கு இழுபடாது. தடம் மேட்டுக்கு மேல ஏறுது, நடுவுல நின்னிருக்கு, அங்க மட்டும் தடம் மேல தடம், அப்புறம் வந்த வழியே திரும்பியிருக்கு. கமராவுல படமும் விழுந்திருந்துச்சு, 2 மணி 17 நிமிஷம், மண்மேட்டுக்கு முன்னால முதுகு மட்டும். நேத்து வரைக்கும் தண்ணி இருந்த இடம்.

இது எப்படி நடக்குதுன்னு கேளுங்க. ஈரநிலம் நிரப்புறது பொதுவா 4 ஹெக்டேயருக்கு மேல போனாத்தான் 1993 கெசட் பட்டியலுக்குள்ள வரும். 4 ஹெக்டேயர்னா கொழும்பு கணக்குல கிட்டத்தட்ட 1,580 பேர்ச். பத்துப் பேர்ச், பத்துப் பேர்ச்சா 158 பேர் நிரப்பினா சதுப்பு முடிஞ்சு போயிரும், ஒரு ஈ.ஐ.ஏ.யும் வராது, என்னைய மாதிரி ஒருத்தியும் போய் ஒரு தவளையும் எண்ண மாட்டா. சின்ன நிரப்புக்கும் வேற அனுமதி வேணும்தான், ஆனா அனுமதி கேக்குறவன் ராத்திரி ஒரு மணிக்கு லைட்டை அணைச்சுட்டு டிப்பர் கொண்டு வருவானா? விளம்பரத்துல "அழகான ஓவிட்ட காணி, வெள்ளம் வராது"ன்னு போடுவாங்க, ஓவிட்டன்னா வயலோரத் தாழ்நிலம். உங்க காணிக்கு வராது சரி, தண்ணி போய் நிக்க வேண்டிய இடத்துல நீங்க வீடு கட்டினா அது பக்கத்து வீட்டுக்குத்தானே போகும். 2010 நவம்பர் மழையில பாராளுமன்றத்துக்குள்ளயே வெள்ளம் வந்துச்சு. 2016 மேயில கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கூரை மட்டும் தெரிஞ்சதைப் பார்த்தவங்க நாம. மீத்தொட்டமுல்லையில சதுப்பை எல்லாம் "சும்மா கிடக்குற இடம்"னு குப்பை கொட்டிக் கொட்டி மலையாக்கி, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்னிக்கு அது சரிஞ்சு விழுந்து 30 பேருக்கு மேல செத்தாங்க. சும்மா கிடந்த இடம் அது.

நீங்க என்ன செய்யலாம்னு கேட்டா நான் மரம் நடச் சொல்ல மாட்டேன், ஜூன் 5 அன்னிக்கு நட்டு போட்டோ எடுத்த கன்னுல முக்காவாசி ஜூலையில செத்துரும். இருக்குற மரத்தை விடுங்க. ஊதாமுக மந்தி கொழும்பு, கம்பஹா பக்கம் பிழைச்சுக் கிடக்குறது காட்டுல இல்ல, வீட்டுத்தோட்டத்துப் பலா, ஈரப்பலா மரத்துலதான், ஒரு மரம் போனா கிளைக்குக் கிளை தாவ முடியாம கரண்ட் வயர்ல ஏறிச் சாகுது. பலாவும் ஈரப்பலாவும் நம்ம வடக்குப் பெண்பனையும் சொந்தக் காணியில நின்னாலும் அனுமதி இல்லாம வெட்ட ஏலாதுன்னு 1951லயே சட்டம் இருக்கு, எத்தனை பேருக்குத் தெரியும். அப்புறம் மீன் விஷயம் ஒன்னு, தயவு செய்து, தொட்டியில வளர்த்த டேங்க் கிளீனர் மீன் பெருத்துட்டுன்னா புண்ணியம்னு நினைச்சு வாய்க்கால்ல விடாதீங்க, அது நம்ம மீனுக்குச் சமாதி. வீட்டுக்குக் கிட்ட காயப்பட்ட மிருகம் கண்டா கல்லை எடுக்காம 1992க்கு எடுங்க, வனஜீவராசிகள் திணைக்கள நம்பர் அது.

எல்லாத்தையும் விட முக்கியமா நான் கேக்குறது, பேப்பர்ல வர்ற அந்தச் சின்ன எழுத்து நோட்டீஸை வாசிங்க. ஈ.ஐ.ஏ. ரிப்போர்ட் தயாரானதும் பத்திரிகையில மூனு மொழியிலயும் அறிவிப்பு வரும், பிரதேச செயலகத்துல ரிப்போர்ட்டை வெப்பாங்க, தமிழ்லயும் இருக்கணும், 30 நாளைக்குள்ள யாரும் கருத்து எழுதலாம். தமிழ்லயே எழுதலாம். நான் வேலை செய்ஞ்ச ரிப்போர்ட்டுகளுக்குத் தமிழ்ல வந்த கடிதத்தை ஒரு கை விரல்ல எண்ணிறலாம், தமிழாக்கள் பெரும்பான்மையா இருக்குற இடத்துத் திட்டத்துக்குக்கூட.

வந்த ஒன்னைச் சொல்றேன். கிழக்குல ஒரு ஊர், கரண்ட் கம்பிலைன் போற பாதை சம்பந்தமா. ஒரு விவசாயி, அப்பியாசக் கொப்பித் தாள் ரெண்டு, நீலப் பேனை. "காட்டை அழிக்காதீர்கள், இயற்கையே தெய்வம்" மாதிரி ஒரு வரி இல்ல. எந்த மாசம் யானை எந்த மதகடியால கடக்கும், எந்தப் பாலை மரத்துல கழுகு கூடு கட்டியிருக்கு, குளத்துக்கு மேல எந்தப் பக்கம் மழைக்காலத்துல தண்ணி ஏறும், எல்லாத்தையும் கையால மேப் கீறி, கடைசியா யானை கண்ட தேதியோட எழுதியிருந்தாரு. நாங்க நாலு நாள் ஜீ.பி.எஸ். தூக்கிக்கிட்டு நடந்து கண்டுபிடிக்காதது அதுல இருந்துச்சு. அதிகாரிகளுக்கு அதைத் தட்டிக்கழிக்க வழி இல்ல, திட்டத்துக்காரர் ஒவ்வொரு குறிப்புக்கும் எழுத்துல பதில் சொல்லணும். எங்களைத் திரும்ப அனுப்பினாங்க, மாரிக்கு. லைன் கொஞ்சம் தள்ளிப் போச்சு. கொஞ்சம்தான், ஆனா அந்த மதகடி தப்பிச்சுச்சு.

அதுக்கப்புறம் என்ட ரிப்போர்ட் எல்லாத்துலயும் தொடக்கத்துலயே ஒரு வரி போடுறேன், "கள ஆய்வு ஆகஸ்ட் மாதத்தில் 3 நாட்கள் மட்டும் நடத்தப்பட்டது, மழைக்காலத் தரவு இல்லை"ன்னு, மாசமும் நாளும் மட்டும் மாறும். போன மாசமும் ஒரு திட்டத்துக்காரர் ஃபோன் எடுத்து, "மிஸ், ரிப்போர்ட் எல்லாம் அருமை, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட ஏலாதா?"ன்னு கேட்டாரு. நவம்பர்ல இன்னொருக்கா போய்ப் பார்த்துட்டு எடுக்குறேன் சேர்னு சொன்னேன். நவம்பருக்கு இன்னும் அவர் ஜீப் தரல.